காற்றை நோக்கும் சேவலும் கொல்லன் கைச்சுருளும்

சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு வழங்கும் யாழ்ப்பாணத்தவர்க்குத் திசையறியக் கருவி வேண்டுவதில்லை. வல்வெட்டித்துறையிற் பட்டமேற்றும் சிறுவனும் காற்று மாறியதை உடனே அறிவான். ஆயினும் மேல்நாட்டார் உலோகத்தாற் செய்து கூரையில் ஏற்றிய காற்றுத் திசைகாட்டிகள் கண்ணுக்கு விருந்தாவன.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஏதென்ஸ் நகரத்துக் காற்றுக் கோபுரத்தின் உச்சியில் வெண்கலக் கடற்றெய்வம் ஒன்று சுழன்று நின்றது. பின்னர் ஐரோப்பியத் தேவாலயங்களிற் சேவல் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தாலியின் பிரெசியா நகர நூதனசாலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சேவலொன்று இன்றும் உளது. அமெரிக்கர் ஒருபடி மேற்சென்று, பொஸ்ரன் நகர மண்டபமொன்றின் மேல் 1742 இல் வெட்டுக்கிளியை ஏற்றினர்!

நம் நாட்டிலும் கூரையுச்சிக்கு உலோக அணி புதிதன்று. கொழும்பில் ஒல்லாந்தர் கட்டிய வுல்வெண்டால் தேவாலயத்தின் மேல், வாளும் ஏழு அம்புகளும் ஏந்திய பித்தளைச் சிங்கம் நின்றது. அம்புகள் ஒல்லாந்தின் ஏழு மாகாணங்களைக் குறிப்பன. 1856 இல் மின்னல் தாக்கி அது அழிந்தது.

திசைகாட்டியின் சூட்சுமத்தை மாணவர்கள் அட்டையும் குண்டூசியும் கொண்டே சோதிக்கலாம். வாற்புறம் பரப்பிற் பெரிதாயிருத்தல் வேண்டும். நிறையோ அச்சின் இருபுறமும் சமனாதல் வேண்டும். காற்று அகன்ற வாலைத் தள்ள, தலை காற்று வரும் திசையை நோக்கும். நிறை பிசகினால் அச்சு ஒருபக்கம் தேய்ந்து சுழற்சி தடைப்படும்.

இத்தகைய உருவங்களைத் தாங்கும் இரும்புச் சுருள்களைப் போன்றவற்றை நாம் பழைய வீடுகளின் இரும்புப் படலைகளிலும் காணலாம். மண்வெட்டி அடிக்கும் கொல்லனின் உலையும் பட்டடையும் சம்மட்டியுமே இதற்கும் போதும். கம்பியைச் செந்நிறமாகக் காய்ச்சி, நுனியை அடித்து மெலிவித்து, அச்சிற் சுற்றி வளைப்பர். இரு சுருள்கள் கூடுமிடத்திற் காய்ச்சிய பட்டையைச் சுற்றி அடிப்பர்; ஆறுகையிற் சுருங்கி அது இறுகப் பிடிக்கும். இன்றைய மின்னொட்டு வேலை மலிவானது, விரைவானது. அதனை நாம் குறைகூறோம். ஆனால் அதிற் பெரும்பாலும் சுருள் முழுதும் ஒரே தடிப்பு. கைச்சுருளோ பாகற்கொடியின் நுனிபோல மெலிந்து முடியும். பழம் படலையை நிறுத்து விற்க முனைவோர் முதலில் அந்நுனியை விரலால் தடவிப் பார்ப்பாராக.

வைத்திருக்க விரும்புவோர்க்கு உப்புக்காற்றே பகை. பட்டைகளின் அடியில் நீர் தங்கித் துரு தொடங்கும். மாரிக்கு முன் அவ்விடங்களைச் சுரண்டி, உலர்த்தி, துருத்தடுப்பு மை பூசுதல் வேண்டும்.