ஜீப் வண்டியின் துருப்பிடித்த தளத்தகட்டை மாற்றும் முறை

பண்ணை வேலைக்கு உதவும் பழைய மோட்டார் வண்டிகளுள் ஜீப்புக்குத் தனியிடம் உண்டு. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனியாரும் ராணுவத்திற்கென 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தனர். ராணுவக் குறிப்புகளில் இவ்வண்டிக்கு இடப்பட்ட பெயர் ‘கால் டன் டிரக்கு’ என்பதாகும். 1945-ல் வில்லிஸ் கம்பெனியார் ‘சி.ஜே. 2-ஏ’ என்னும் மாதிரியைக் குடியானவர்களை உத்தேசித்தே வெளியிட்டனர். கலப்பை இழுப்பதற்கும், பெல்ட்டு மூலம் வேறு யந்திரங்களை ஓட்டுவதற்கும் அதில் வசதிகள் இருந்தன. நம் நாட்டில் மஹிந்திரா கம்பெனியார் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டி விற்கலாயினர்.

இத்தகைய வண்டியின் என்ஜினும் அச்சுகளும் பல்லாண்டு உழைக்கக் கூடியவை. தேய்ந்த பாகங்களை மாற்றுவதும் எளிது. முதலில் கெடுவது காலடியிலுள்ள தளத்தகடே. அதை மாற்றுகையில் முறை தவறினால் வண்டியின் கூடு முழுவதும் கோணி, பின்னர் சீர்படுத்த இயலாத நிலையை அடையும். ஆகவே வண்டியைப் பட்டறைக்கு அனுப்புமுன் அதன் சொந்தக்காரர் இம்முறையை அறிந்திருப்பது அவசியம்.

துருப்பிடிக்கும் காரணம்

ஜீப்பின் தளம் சுமார் 18 கேஜ், அதாவது ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு. அதன் அடியில், தொப்பி வடிவமாக மடிக்கப்பட்ட தாங்குதகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். யுத்தகால வண்டிகளில் இவற்றுள் மரக்கட்டைகளையும் வைத்திருந்தனர். கட்டை நீரைக் குடித்து நெடுநாள் ஈரம் காப்பதால், மேலே வர்ணம் நன்றாயிருக்கையிலேயே அடியில் எஃகு அரித்துப் போகிறது. ஓட்டுபவரின் ஆசனத்தின் கீழ், பெட்ரோல் தொட்டி அமர்ந்திருக்கும் பள்ளத்திலும், நீர் வடியும் துவாரம் சேற்றால் அடைபடின், இதுவே நேரிடும்.

அம்மோனியம் சல்பேட்டு, பொட்டாஷ் முதலிய உரங்களை ஏற்றும் பண்ணைகளில் சேதம் இன்னும் விரைவு. சிந்திய உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து, ரப்பர் விரிப்பின் கீழ் தங்கி, தகட்டைத் தின்கிறது. எனவே விரிப்பை எடுத்துவிட்டு, தளம் முழுவதையும் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென ஒலிக்கும்; கெட்ட தகடு மந்தமாக ஒலிப்பதோடு குத்தூசிக்கும் இடங்கொடுக்கும்.

ஓட்டையின் மேல் வேறொரு தகட்டை வைத்து ஒட்டுப் போடுதல் அநேகர் கையாளும் வழக்கம். இது சிக்கனமாகத் தோன்றினும் நஷ்டமே. இரு தகடுகளுக்கிடையே நீர் தங்கி, எஞ்சிய நல்ல தகட்டையும் கெடுத்துவிடும்.

வெட்டுமுன் செய்ய வேண்டியவை

ஜீப்பின் கூடு கூரையற்ற ஒரு பெட்டி. ஏறி இறங்குமிடங்களில் அதன் பக்கச் சுவர்கள் தாழ வெட்டப்பட்டுள்ளன. அவ்விடத்தில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் தளமே. அதை ஆதாரமின்றி வெட்டினால் கூடு நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தளத்தைப் பற்றவைத்தால் அத்தொய்வே நிலைத்துவிடும். பின்பு என்ஜின் மூடி சரியாக அமராது. கண்ணாடிச் சட்டம் ஒருபுறம் சாயும். அடிச்சட்டத்துத் துவாரங்களுடன் கூட்டின் துவாரங்கள் பொருந்தா.

இதைத் தவிர்க்க, சமதரையில் வண்டியை நிறுத்தி, அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான முட்டுக் கொடுத்து, ரசமட்டத்தால் மட்டம் பார்க்க வேண்டும். அடிச்சட்டமே கோணியிருந்தால் முதலில் அதைச் சீர்செய்தல் வேண்டும். கூட்டைச் சட்டத்துடன் பிணைக்கும் போல்ட்டுகளைக் கழற்றலாகாது. அவற்றின் கீழுள்ள மெத்தைகள் நைந்திருந்தால் ஒவ்வொன்றாக மாற்றி முடுக்குக.

அடுத்தது அளவெடுத்தல். வீட்டுக்குக் கடைகால் எடுக்கும் கொத்தனார் இரு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா எனப் பார்ப்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறே கூட்டின் முன் இடமூலையிலிருந்து பின் வலமூலைக்கும், முன் வலமூலையிலிருந்து பின் இடமூலைக்கும் அளந்து, குறித்த புள்ளிகளில் அடையாளமிட்டு, நோட்டில் எழுதிக்கொள்க. ஏறுமிடங்களின் நீள உயரங்களையும் குறிக்க வேண்டும். பின்னர் ஏறுமிடம் ஒவ்வொன்றிலும் முன்பின்னாகவும், இரு பக்கச் சுவர்களுக்கிடையே குறுக்காகவும் ஆங்கிள் இரும்புகளைத் தற்காலிகமாகப் பற்றவைத்தல் வேண்டும். வேலை முற்றும் முடிந்து தகடு ஆறும்வரை இவற்றை எடுக்கலாகாது.

பெட்ரோல் தொட்டியையும் குழாயையும் கழற்றித் தூரத்தில் வைப்பது கட்டாயம். காலித் தொட்டி அபாயமற்றது என எண்ணுவது பெருந்தவறு. அதில் நிற்கும் ஆவியே வெடிக்க வல்லது. பாட்டரி இணைப்பையும் நீக்கிவிட்டு, மணலும் நீரும் அருகில் வைத்துக் கொள்க.

வெட்டுதலும் பொருத்துதலும்

இரு பக்கங்களையும் ஒரே சமயத்தில் வெட்டாது, ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். முதலில் தாங்குதகட்டைப் புதுப்பித்து, பிறகு தளத்தை வைப்பது முறை. நல்ல எஃகு தென்படும்வரை பழைய தகட்டை வெட்டுக. புதுத்தகடு அதன்மேல் அரை முதல் முக்கால் அங்குலம் படியுமாறு இருக்கட்டும். ஒன்றன்மேல் ஒன்று படியுமிடங்களில் வெல்டிங்குக்கு ஏற்ற துத்தநாக வர்ணம் பூசுதல் நன்று. நாகம் பூசிய தகடாயின், பற்றவைக்குமிடத்தில் பூச்சைத் தேய்த்து நீக்குக. அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும்.

புதுத்தகட்டின் ஓரத்தில் கால் அங்குலத் துவாரங்களை இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக இட்டு, அவற்றின் வழியே பற்றவைக்கலாம். ஒரே வரிசையாகத் தொடர்ந்து செய்தால் சூட்டினால் தகடு நெளியும். ஆதலின் இங்கொன்றும் எதிர்முனையில் ஒன்றுமாகப் பொட்டு வைத்து, கை பொறுக்குமளவு ஆறவிட்டுத் தொடர வேண்டும். சில பொட்டுகளுக்கொருமுறை மூலைவிட்டங்களை அளந்து நோட்டுடன் ஒப்பிடுக. 1/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கண்டால் உடனே நிறுத்திச் சரிசெய்தல் வேண்டும். முடிந்தபின் திருத்துவதற்கு மீண்டும் வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பின்பராமரிப்பு

இணைப்புகளை நீர் புகாத பசையால் அடைத்து, மேலும் கீழும் வர்ணம் பூசி, தாங்குதகட்டின் உட்புறத்தில் மெழுகெண்ணெய் தெளிக்க வேண்டும். மரக்கட்டையைத் திரும்ப வைப்பவர்கள் அதை நன்கு உலர்த்தி எண்ணெயூட்டி வைக்கட்டும். நீர் வடியும் துவாரங்களை வர்ணமோ பசையோ அடைத்துவிடாமல் பார்ப்பது முக்கியம். உரம் ஏற்றிய அன்றே தளத்தைக் கழுவி, விரிப்பின்றி உலரவிடுதல் நலம்.

இவ்வேலைக்குக் கோடையே ஏற்ற காலம். வண்டிக்கு வேலை குறைவு. வர்ணமும் செவ்வனே உலரும். பட்டறைக்காரரிடம் கூலி பேசுகையிலேயே, முட்டு, குறுக்கு இரும்பு, மூலைவிட்ட அளவு ஆகிய மூன்றையும் நிபந்தனையாகச் சொல்லி, அளவு நோட்டைச் சொந்தக்காரர் தம் கையில் வைத்திருப்பது உசிதம்.