பதினான்கு இலக்க எண்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதிக்கு அருகே, வராகப் பெருமாள் கோயிலும் பெரிய குளமும் அமைந்த இடம் ஸ்ரீவராகம். அங்கு ஒருவர் தம் வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்க விரும்புகிறார் என்று கொள்வோம். மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பட்டம் வேண்டும். பலகாரம் செய்பவருக்குப் பட்டம் வேண்டுவதில்லை. ஆயினும், பதிவு வேண்டும்.

இதனை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் வலியுறுத்துகிறது. பெரிய நிறுவனங்கள் உரிமம் பெறுதல் வேண்டும். சிறு தொழில் செய்வோர் பதிவு செய்தால் போதும். ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மிகாதோரை 2011ஆம் ஆண்டின் விதிமுறைகள் சிறு தொழில் செய்வோர் என வகுத்தன. பதிவுக் கட்டணமாக ஆண்டுக்கு 100 ரூபாய் விதித்தன. விண்ணப்பத்துடன் நிழற்படமும் அடையாளச் சான்றும் தருதல் வேண்டும். கல்விச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. ஆனால், தூய நீருக்கும் சமையலிடத்தின் தூய்மைக்கும் விண்ணப்பித்தவரே பொறுப்பாவார்.

பதிவு பெற்றவருக்கு 14 இலக்க எண் வழங்கப்படும். அது பொட்டலத்தின்மேல் அச்சிடப்படும். உண்டவருக்குத் தீங்கு நேரின், செய்தவர் யார் என்பதை அவ்வெண் காட்டும். அறிமுகமில்லாத ஊரில் பிழைக்க வந்தவர் கடைக்காரரிடம் தம் பலகாரத்தைக் கொடுக்கும்போது, அவருக்குச் சான்றாக நிற்பதும் அவ்வெண்ணே.

மாணவர்களே, உங்கள் வீட்டிலுள்ள பலகாரப் பொட்டலம் ஒன்றில் அவ்வெண்ணைத் தேடிப் பாருங்கள்.