பனித்தடம் – 9: இருபத்தெட்டு அகப்பை

டிசம்பர் 25, காலை ஏழு மணி. வெளியே நடுச்சாமம் போல இருட்டு. சன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி மைனஸ் 34 டிகிரி காட்டியது. கூடத்து மூலையில் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் பரிசுப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அவற்றை ஓரக்கண்ணால் பார்த்தபடியே கனத்த பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து வயதுப் பெண் என் கையில் நீளக் காம்பு போட்ட ஓர் அகப்பையைக் கொடுத்தாள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும்.

"ஒரு நாய்க்கு ஓர் அகப்பை. ஊத்திட்டு உடனே நகர்ந்துடாதீங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க."

இருபத்தெட்டு நாய்கள் குடித்த பிறகுதான் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் தொடங்கும்.

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் போனால் டூ ரிவர்ஸ். பெயருக்குத்தான் ஊர். ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காட்டுக்குள் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மறைந்திருக்கின்றன. பல வீடுகளுக்குப் பின்னால் ஒரு நாய் முற்றம். பனிச்சறுக்கு வண்டியில் நாய்களைப் பூட்டி ஓட்டுகிறவரை இங்கே மஷர் என்பார்கள். இது மஷர்களின் பேட்டை. ஒரு முற்றத்தில் ஊளை கிளம்பினால் காட்டின் மறுபக்கத்து முற்றம் பதில் சொல்லும். நான் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் தங்கள் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவர், அவர் மனைவி என்றே எழுதுகிறேன்.

கிளம்பும்போது வண்டியோட்டத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் எண்ணம். திரும்பி வந்து குறிப்பேட்டைப் புரட்டினால் பாதிக்கு மேல் தண்ணீர்.

கடுங்குளிரில் நாய்க்குத் தாகம் எடுப்பது குறைந்துவிடுகிறது. ஆனால் உடம்பிலிருந்து நீர் போவது குறைவதில்லை. குளிர்ந்த வறண்ட காற்றை இழுத்து, அதைச் சூடாக்கி, ஈரமாக்கி வெளியே விடும் ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் போகிறது. சுற்றிலும் முழங்கால் அளவு பனி கிடக்கிறதே, அதைத் தின்றால் போதாதா என்று நானும் கேட்டேன். அவர் ஒரு குவளை பனியை அள்ளி அடுப்பின் மேல் வைத்தார். உருகியபோது அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர்கூட இல்லை. அந்தக் கொஞ்சத்தையும் உருக்கி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர நாய் தன் கொழுப்பைத்தான் எரிக்க வேண்டும். ஓடும்போது பக்கவாட்டில் ஒரு வாய் பனியைக் கவ்விக்கொள்ளும். அது நாக்கை நனைத்துக்கொள்ளத்தான்.

ஆகவே நாயை ஏமாற்றிக் குடிக்க வைக்க வேண்டும். இறைச்சித் துணுக்கு, மீன், கோழிக் கொழுப்பு, ஏதாவது ஒன்றை வெந்நீரில் கரைத்து மணக்க வைத்துக் கொடுத்தால், இறைச்சிக்கு ஆசைப்பட்டுத் தண்ணீரையும் நக்கி முடிக்கும். அதுவும் உடனே முடிக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டால் கிண்ணத்தின் ஓரம் ஐஸ் கட்டத் தொடங்கிவிடும். அந்தச் சிறுமி என்னை நிற்கச் சொன்னது இதற்காகத்தான்.

இத்தனை தண்ணீருக்கு அந்த வீட்டில் குழாய் கிடையாது. ஃபேர்பேங்க்ஸ் சுற்றுவட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். உலர் குடில் என்றே பெயர். பல இடங்களில் மண்ணுக்கு அடியில் ஆண்டு முழுக்க உருகாத உறைமண். அதில் கிணறு தோண்டுவதும் குழாய் பதிப்பதும் பெரும் செலவு. எனவே நகரத்துத் தண்ணீர் நிலையத்தில் காசு கொடுத்துப் பிடித்து வருகிறார்கள். பிக்கப் வண்டியின் பின்னால் 750 லிட்டர் தொட்டி. ஒரு வாரம் வரும். அதில் ஏறக்குறைய அறுநூறு லிட்டர் நாய்களுக்கு. பாத்திரம் கழுவ, சமைக்க, பல் துலக்க மிச்சம். குளிக்க வேண்டுமென்றால் நகரத்துச் சலவைக் கூடத்தில் காசு போட்டுக் குளித்துவிட்டு வர வேண்டும். நான் இருந்த இரண்டு வாரத்தில் மூன்று முறை குளித்தேன். அந்த வீட்டில் யாருக்கும் அது ஒரு குறையாகவே தெரியவில்லை. நாய்களுக்கு ஒரு வேளை தண்ணீர் தவறினால் மட்டும் அந்த வீட்டில் முகங்கள் வாடும்.

முகம் வாடுவதற்கு அந்த வாரம் ஒரு காரணம் இருந்தது. சேஜ் குடிக்கவில்லை.

ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு ஒரே வகைப் பெயர் வைப்பது இங்கே வழக்கம். பெப்பர், கிளோவ், சேஜ் மூவரும் மசாலா ஈற்று. சேஜுக்கு வயது பதின்மூன்று. எட்டு வருடம் அணியின் முன்வரிசையில் ஓடியவள். ஓட்டத்திலிருந்து ஓய்வு கொடுத்து நாலு வருடம் ஆகிறது. 23-ஆம் தேதி காலையிலிருந்து கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மனைவி அவளது தோள்பட்டைத் தோலைச் சுண்டி இழுத்து விட்டுப் பார்த்தார். நல்ல உடம்பென்றால் தோல் சட்டென்று படிந்துவிடும். சேஜின் தோல் ஒரு நொடி கூடாரம் போல நின்றது. அன்றே அவளை வீட்டுக்குள் அழைத்து வந்துவிட்டார்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் பழைய கம்பளியில் சுருண்டு, வால் நுனியால் மூக்கை மூடிப் படுத்துக்கொண்டாள்.

முற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு மரப்பெட்டி வீடு, ஒரு கம்பம், கம்பத்தைச் சுற்றி வர ஒரு சங்கிலி. சங்கிலியைப் பார்த்த முதல் நாள் என் மனம் ஒப்பவில்லை. இந்த வழக்கத்தைக் கண்டிக்கிறவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர். நூற்றுக்கணக்கான நாய்களை வைத்துச் சுற்றுலா நடத்தும் இடங்களைப் பற்றிய என் சந்தேகம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் இந்த முற்றத்தில் ஒவ்வொரு நாயின் சிறுநீர் பனியில் என்ன நிறத்தில் விழுந்தது என்றுகூடக் காலையில் கவனித்துச் சொல்கிறார்கள். இருபத்தெட்டுதான் தங்கள் கைக்கு அடங்கும் என்று, மூன்று வருடமாகக் குட்டி போட விடவில்லை. எதை வைத்து ஒரு நாய் முற்றத்தை எடை போடுவது என்று என்னைக் கேட்டால், எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்பேன்.

24-ஆம் தேதி மாலை வைக்கோல் போட்டார்கள். டெல்டா ஜங்ஷன் பக்கத்து வயல்களிலிருந்து வரும் பார்லி வைக்கோல், ஒரு பெட்டிக்கு இரண்டு கை நிறைய. உள்ளே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தத் தாள்தான் இவற்றுக்கு மெத்தை, போர்வை எல்லாம். கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டதுமே முற்றம் முழுக்க எழுந்து கூரை மேல் ஏறி நின்றுவிட்டது. பிறகு நடந்ததை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெப்பர் தலைகுப்புறப் பாய்ந்து உருண்டான். கிளோவ், நாங்கள் கஷ்டப்பட்டு உள்ளே தள்ளிய வைக்கோலையெல்லாம் இரண்டு நிமிடத்தில் வெளியே பறித்துப் போட்டாள். பிறகு வாயால் கவ்விக் கவ்வி அவளே உள்ளே கொண்டுபோனாள். இளவயதுக்காரன் ஒருவன் மூக்கை மட்டும் வெளியே நீட்டி உட்கார்ந்துகொண்டு தும்மிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கி, ஒரு நாய் மெல்ல இழுக்க, மற்றவை சேர்ந்துகொள்ள, நீண்ட ஓர் ஊளை. தொடங்கியது போலவே, யாரோ கையமர்த்தினாற்போல, எல்லாம் ஒரே கணத்தில் நிறுத்தின.

கிறிஸ்துமஸ் அன்று ஓட்டம் இல்லை. குளிர் அதிகம். மைனஸ் 40-ஐ நெருங்கினால் அவர் வண்டி பூட்டுவதில்லை. காரணம் கேட்டதற்குப் பழைய கதையொன்றைச் சொன்னார். 1925 ஜனவரியில் நோம் நகரத்துக் குழந்தைகளைத் தொண்டை அடைப்பானிலிருந்து காப்பாற்ற, ஃபேர்பேங்க்ஸுக்குத் தென்மேற்கே உள்ள நெனானாவிலிருந்து 674 மைல் தூரம், 20 மஷர்கள் கைமாற்றிக் கைமாற்றி மருந்து கொண்டுபோனார்கள். அதில் பால்டோ, டோகோ என்ற இரண்டு நாய்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். நெனானாவில் மருந்தை வாங்கி முதல் கட்டத்தை ஓட்டியவர் பில் ஷானன். அந்தக் கொடுங்குளிரில் ஓடிய அவருடைய நாய்களில் சில செத்துப்போயின. "அங்கே குழந்தைகளோட உயிர் இருந்தது. எனக்கு என்ன அவசரம்?" என்றார் வீட்டுக்காரர்.

மறுநாள் மைனஸ் 24. அதுதான் இவற்றுக்கு இதமான வானிலை. ஹார்னெஸ் வார்களை எடுத்துக்கொண்டு அவர் வாசலில் இறங்கியதுமே இருபத்தேழு நாய்களும் அலறத் தொடங்கின. குரைப்பு என்று சொல்ல முடியாது. என்னை, என்னை என்று கெஞ்சும் ஓலம். பத்தை மட்டும் பூட்டினார். முன்னால் இரண்டு வழிகாட்டிகள், கடைசியில் வண்டிக்கு ஒட்டினாற்போல வலுத்த இரண்டு. பாதங்களுக்குத் துணிக் காலுறைகள். நாய்க்கு நாலு வீதம் நாற்பது காலுறைகளையும் வெறுங்கையால் மாட்ட வேண்டும், பட்டையை இறுக்குவது விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதால். பத்தாவது நாய்க்கு வரும்போது என் விரல்கள் எனக்குச் சொந்தமில்லை.

வண்டியை நிறுத்திவைக்கும் பனிக்கொக்கியைப் பிடுங்கிய அந்த நொடியில் ஓலம் அறுந்தது. அப்படி ஓர் அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது பாதங்கள் பனியில் பதியும் மெத்தென்ற சத்தம், சறுக்குக் கட்டையின் சீறல், மூச்சு. இடது பக்கம் திரும்ப "ஹா", வலது பக்கம் திரும்ப "ஜீ". கடிவாளம் கிடையாது, அந்த இரண்டு சொல்தான். தெற்கே மரங்களை உரசினாற்போலத் தாழ்வாகச் சூரியன். டிசம்பர் 21-ஆம் தேதி இங்கே மூன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் பகல். அன்றைக்குச் சில நிமிடங்கள் கூடியிருந்தது.

ஓடி முடித்ததும் மறுபடி தண்ணீர். பெரும் பந்தயங்களில் ஒரு நாய் ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல் எரிக்கிறது. இதே நாட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாள் 2,000 கலோரி என்றுதான் உணவுப் பொட்டலங்களில் கணக்குப் போடுகிறார்கள். ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டேவிஸ் பல வருடம் இந்த நாய்களின் தசையை ஆராய்ந்தவர். தொடர்ந்து ஓடும் சில நாட்களிலேயே இவற்றின் உடம்பு வேலை செய்யும் விதத்தையே மாற்றிக்கொண்டு, களைப்பைத் தள்ளிப்போட்டுவிடுகிறது என்று கண்டறிந்தார். தீனியில் பெரும்பகுதி கொழுப்பும் புரதமும். அதைச் செரிக்கவும் தண்ணீர்தான் வேண்டும்.

அன்று சாயங்காலம், எதையோ சொல்லத் தொடங்கி, வீட்டுக்காரர் 2021-ஆம் வருட டிசம்பர் 26-ஐப் பற்றிச் சொன்னார். பனி பெய்ய வேண்டிய நாளில் ஃபேர்பேங்க்ஸில் மழை பெய்தது. விழுந்த தண்ணீர் விழுந்த இடத்தில் கண்ணாடியாக உறைந்தது. மின்சாரம் போயிற்று, சாலைகள் மூடின. அதே நாளில் தெற்கே கோடியாக் தீவில் 19 டிகிரி. டிசம்பரில் அலாஸ்கா கண்ட உச்ச வெப்பம். "தொட்டியில தண்ணி தீர்ந்துபோச்சு. வானத்துலேர்ந்து தண்ணி கொட்டுது. வண்டியைத் தெருவுக்கு எடுக்க முடியல." அந்த ஐஸ் அடுக்கு குளிர்காலம் முழுக்கப் பனிக்குள்ளேயே கிடந்தது. மூஸ் எனும் பெரிய மான்கள் ஆழப் பனியில் நடக்க முடியாமல், நாய்கள் ஓடி இறுகிய தடங்களுக்கு வந்து நின்றன. வழிவிட மறுத்தன. 2022 பிப்ரவரியில் இந்தப் பக்கத்துத் தடம் ஒன்றில் ஒரு மூஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓர் அணியை மிதித்து, நாலு நாய்களைப் படுகாயப்படுத்தியது.

பெரிய பந்தயமான இடிடராட் பனி போதாமல் 2003, 2015, 2017, 2025 என நாலு முறை தடத்தை மாற்றி ஃபேர்பேங்க்ஸிலிருந்து புறப்பட்டிருக்கிறது. 2008-ல் 96 மஷர்கள் ஓடிய பந்தயத்தில் 2023-ல் 33 பேர். தீனிச் செலவு ஒரு காரணம். தீனி என்றால் இந்த நாட்டில் மீன். யூகான் ஆற்றில் ஏறி வரும் கீட்டா சால்மனுக்கு நாய் சால்மன் என்றே ஒரு பெயர் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஆற்றங்கரைக் கிராமத்தார் அதைக் கீறிக் காயவைத்து நாய்களுக்குச் சேர்த்துவைப்பார்கள். 2020-ல் அந்த மீன் வரத்து சரிந்தது. 2021-ல் சாப்பாட்டுக்கென்று பிடிப்பதற்கே தடை. பரணில் காய்ந்த மீன் இல்லாமல் ஒரு கிராமத்தில் நாய் வளர்ப்பது எப்படி? வளர்க்காமல் விடுகிறார்கள். ஓர் ஆறு வற்றாமலே வெறுமையாகிப்போன செய்தியை நம் பத்திரிகைகளில் நான் படித்ததில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 31. ஃபேர்பேங்க்ஸில் வாணவேடிக்கை புத்தாண்டுக்குத்தான். கோடையில் இருட்டுவதில்லை, வெடித்தாலும் தெரியாது. நள்ளிரவுக்கு முன்பே காட்டுக்கு அப்பால் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் இருவரும் ஹெட்லாம்ப் மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய், பயந்த நாய்களின் பெட்டிக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சேஜ் அடுப்போரத்தில் படுத்திருந்தாள். ஒரு வாரமாக, அரை மணிக்கொரு முறை பீச்சுக்குழலில் கடைவாய் வழியே கொடுத்ததுதான் அவள் குடித்த தண்ணீர். அவர் மனைவி கொட்டகைக்குப் போய் ஒரு பழைய சாக்கைக் கொண்டுவந்தார். உள்ளே தாளில் சுற்றிய கீட்டா சால்மன், குச்சி போல உறைந்து, கருத்து. யூகான் கரையிலிருந்து 2019-ல் வந்த கட்டில் மிஞ்சியது. எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

"பந்தயத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தோம்" என்றார்.

ஒன்றை ஒடித்துச் சட்டியில் போட்டு வெந்நீர் ஊற்றி மூடி வைத்தார். கொஞ்ச நேரத்தில் புகையும் எண்ணெயும் ஆற்று மீனுமாக வீடு முழுக்க மணம். சேஜின் மூக்கு வாலுக்குள்ளிருந்து வெளியே வந்தது. கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை அவள் தாடைக்கு அடியில் பிடித்தார். நாக்கு வெளியே வந்து ஒரு தரம் நக்கியது. நிறுத்தியது. பிறகு, இன்னொரு தரம். வெளியே ஒரு வெடி வெடித்தது, யாரும் அசையவில்லை. அவள் குடித்துக்கொண்டிருந்தாள்.