இருவாச்சியின் பெயரால் ஒரு திருவிழா

கோஹிமாவிலிருந்து தெற்கே 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிசாமா பாரம்பரியக் கிராமம். டிசம்பர் 1 முதல் 10 வரை அங்கு நடைபெறும் ஹார்ன்பில் திருவிழாவுக்குச் சென்றபோது, தொன்மையான பழங்குடி விழா ஒன்றைக் காணப்போவதாகவே எண்ணியிருந்தேன். உண்மையில், 2000ஆம் ஆண்டில் மாநில அரசு தொடங்கிய விழா அது. 1963 டிசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலமானதை ஒட்டியே நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.

நாகர்கள் என ஒரே சொல்லில் நாம் அழைப்பவர்கள் அங்காமி, ஆவோ, கொன்யாக், லோத்தா, சூமி எனப் பல இனக்குழுக்கள். மொழி வேறு, விழாவும் வேறு. கொன்யாக்குகளுக்கு விதைப்பு முடிந்த ஏப்ரலில் ஆவோலிங். லோத்தாக்களுக்கு அறுவடைக்குப் பிந்தைய நவம்பரில் தோக்கு எமோங். பருவத்தோடு பிணைந்த அந்த ஆடல்களும் பாடல்களும் இங்கே நிகழ்ச்சிநிரலின்படி மேடையேறுகின்றன. இது வெறும் காட்சிப்பொருள்தானே என்று தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியவை மொருங்குகள். பதின்பருவத்து ஆண்பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி, போர்முறையும் மூங்கில் வேலையும் முன்னோர் கதைகளும் பயின்ற கூடங்கள் அவை. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1872இல் ஆவோ பகுதிக்கு வந்த பிறகு, தேவாலயமும் பள்ளியும் மெல்ல மெல்ல அவற்றின் இடத்தைப் பிடித்தன. கிசாமாவில் இருப்பவை மாதிரிகளே. “இங்கே யாரும் உறங்குவதில்லை. ஆனால் என் பேரன் இந்தப் பாட்டைக் கற்றது இங்கே ஆடுவதற்காகத்தான்” என்றார் அடுப்பருகே அமர்ந்திருந்த பெரியவர். அவர் நாகாமீஸில் சொன்னதை இளைஞர் ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

தலையணியில் செருகும் இருவாச்சி இறகுகளில் இப்போது செயற்கையானவை பெருகிவிட்டன. நம் வால்பாறைக் காடுகளில் வாழும் அதே பெரிய இருவாச்சிதான். அதைக் கொண்டாடிய மண்ணிலேயே வேட்டையால் அருகிப்போனதால், போலி இறகு எனக்கு உறுத்தவில்லை.

உறுத்தியது வேறொன்று. 2021 டிசம்பர் 4 அன்று, இவ்விழா நடந்துகொண்டிருந்த வேளையில், மோன் மாவட்டத்தின் ஓட்டிங் கிராமத்தருகே சுரங்க வேலை முடித்துத் திரும்பிய தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் எனக் கருதி ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டனர். தொடர்ந்த மோதல்களையும் சேர்த்துப் பொதுமக்கள் 14 பேர் உயிரிழந்தனர். மொருங்குகளில் கறுப்புக்கொடிகள் ஏறின. விழா பாதியில் நின்றது. படையினர் 30 பேர் மீது வழக்குத் தொடர மத்திய அரசு அனுமதி மறுத்தது. ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின்படி அந்த அனுமதி கட்டாயம் என்பதால், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

மொழிபெயர்த்த இளைஞர் கொன்யாக் இனத்தவர். அந்த டிசம்பரைப் பற்றிக் கேட்டேன். “அன்று ஆடுவதற்கு வந்திருந்தோம்; ஆடவில்லை” என்றார். மரப்பறை முழங்கத் தொடங்கியதும் ஈட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினார். சுற்றிலும் கைபேசிகள் உயர்ந்தன.