சக்கரத்தின் மேல் சொர்க்கம்

நான்கு சக்கர வண்டி ஒன்று. நரகத்தின் வாய் ஒன்று. பேய் வேடத்துக்கு மூன்று உடுப்புகள். சிவப்பு மேகங்கள், நீல மேகங்கள். கடவுள் உட்கார்ந்தபடி சொர்க்கத்துக்கு ஏறிப்போக, நான்கு மூலையிலும் கயிறு கட்டிய இரும்புப் பீடம் ஒன்று. சொர்க்கத்தில் ஓடித் திரியச் சிவப்பு வண்ணம் பூசிய சின்னஞ்சிறு தேவதூதர் பொம்மைகள் ஒன்பது. அவற்றை ஓட்டுவதற்கு நீளமான மெல்லிய கயிறு ஒன்று.

1433-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில், துணி வணிகர் சங்கம் தன் நாடக வண்டியையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் அந்த ஆண்டின் பொறுப்பாளர்களிடம் கணக்கோடு ஒப்படைத்தபோது எழுதிய பட்டியல் இது. வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் கிடந்த இந்தத் தாளை அலெக்சாண்ட்ரா ஜான்ஸ்டன், மார்கரெட் டோரல் என்ற இரு ஆய்வாளர்கள் 1971-இல் பதிப்பித்தார்கள். இடைக்கால நாடக வண்டி என்ற இயந்திரம் எப்படி இருந்தது என்பதற்கு நமக்குக் கிடைத்துள்ள மிகத் தெளிவான சான்று இதுதான்.

வண்டியின் அமைப்பைப் பட்டியலிலிருந்தே ஓரளவு கூட்டிப் பார்த்துவிடலாம். சக்கரங்களின் மேல் ஒரு மரத்தளம், அதுதான் பூமி. தளத்திலிருந்து எழும் நான்கு இரும்புக் கம்பிகள் மேலே ஒரு கூரையைத் தாங்குகின்றன, அது சொர்க்கம். பின்புறத்துக்குச் சித்திரம் தீட்டிய சிவப்பு டமாஸ்க் துணித் திரை; பக்கவாட்டுக்குச் சிறிய திரைகள். இந்தச் சங்கத்தின் நாடகம் இறுதித் தீர்ப்பு. அந்த நாளில் கடவுள் பூமிக்கு இறங்கி வந்து, நல்லவரையும் கெட்டவரையும் பிரித்துவிட்டுத் திரும்ப மேலே போக வேண்டும். அதற்காகத்தான் கயிறு கட்டிய பீடம். அவர் ஏறும் நேரத்தில் யாரோ ஒருவர் மறைவாக நின்று மெல்லிய கயிற்றை இழுக்க, ஒன்பது தேவதூதர்களும் தலைக்கு மேலே ஓடுகிறார்கள். மின்சாரமும் ஒலிபெருக்கியும் இல்லாத காலத்தில் பட்டப்பகலில் ஒரு தெருவை அண்ணாந்து பார்க்க வைக்க இது போதுமானதாக இருந்திருக்கிறது.

இப்படி ஒரு வண்டி அல்ல, நாற்பதுக்கும் மேல் இருந்தன. உலகம் படைக்கப்பட்டதிலிருந்து இறுதித் தீர்ப்பு வரையிலான விவிலியக் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு துண்டாக யார்க்கின் கில்டுகள் எடுத்துக்கொண்டன. கில்டு என்பது ஒரே தொழில் செய்வோரின் சங்கம். பொருளின் தரம், தொழில் பழகும் காலம், யார் கடை போடலாம் என்பதையெல்லாம் தீர்மானித்தது அதுதான். நாடகச் செலவுக்கு உறுப்பினர்களிடம் ஆண்டுதோறும் வரி வசூலித்ததும் அதுவே. 1415-இல் நகர எழுத்தர் ரோஜர் பர்ட்டன் எந்தச் சங்கத்துக்கு எந்த நாடகம் என்று எழுதிவைத்த பட்டியல் இன்றும் இருக்கிறது.

பங்கீட்டில் ஒரு குறும்பு உண்டு. நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி மரக்கலத் தச்சர்களுக்கு. வெள்ளம் வந்து பேழை மிதக்கும் காட்சி மீனவருக்கும் மாலுமிகளுக்கும். கடைசி இராவுணவு ரொட்டி சுடுபவர்களுக்கு. குழந்தை இயேசுவுக்குக் காணிக்கையாகப் பொன் வரும் காட்சி பொற்கொல்லர்களுக்கு. இயேசு சிலுவையில் உயிர்விடும் காட்சி இறைச்சிக் கடைக்காரர்களுக்கு. எல்லாத் தொழிலுக்கும் இப்படிப் பொருந்தி வந்ததில்லை என்றாலும், பொருந்திய இடங்களில் சங்கம் தன் சரக்கையும் கைத்திறனையும் ஊரறியக் காட்டிக்கொண்டது. பேழை நாடகத்தில் கடவுளே நோவாவுக்குப் பலகையை இழைக்கவும் இணைக்கவும் ஆணி அடிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்.

இதன் உச்சம் ஆணியும் ஊசியும் செய்வோர் நடத்திய சிலுவை நாடகம். நான்கு சிப்பாய்கள் இயேசுவைத் தரையில் கிடக்கும் சிலுவையோடு சேர்த்து அடிக்கிறார்கள். துளைகளைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறார்கள், கை எட்டவில்லை. மீண்டும் துளையிடுவதற்குப் பதிலாகக் கயிற்றைக் கட்டிக் கையை இழுக்கிறார்கள். பிறகு சிலுவையைத் தூக்கும்போது தோள் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று புலம்புகிறார்கள். நட்ட குழி பெரிதாகிச் சிலுவை ஆடுகிறது. ஆப்பு வைத்து இறுக்குகிறார்கள். அரைகுறை வேலை செய்யும் ஆட்களின் சலிப்பான பேச்சுக்குள் அந்தக் கொடூரம் நடந்து முடிகிறது. பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் அந்தப் பேச்சு அவ்வளவு பழக்கம். எழுதியவர் யாரென்று மட்டும் தெரியவில்லை.

நாடகம் நடந்தது கிறிஸ்துவின் திருவுடல் திருவிழாவன்று. மே கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் இடையில், இங்கிலாந்தில் பகல் மிக நீளமாக இருக்கும் பருவம் அது. விடியற்காலை நாலரை மணிக்கு நடிகர்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். மிக்கிள்கேட் தெருவில் புறப்படும் வண்டி, தேர் நின்று நின்று போவதுபோலப் பொதுவாகப் பன்னிரண்டு இடங்களில் நிற்கும். ஒவ்வோர் இடத்திலும் முழு நாடகமும் நடக்கும். முதல் வண்டி நகர்ந்ததும் அதே இடத்துக்கு அடுத்தது வரும். மக்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, படைப்பு முதல் தீர்ப்பு வரை அவர்களைத் தேடி வந்தது. நிற்கும் இடத்தை நகராட்சி ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் பரண் கட்டி இருக்கைக்குக் காசு வாங்கினார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். நாடகம் ஒன்றுக்குச் சராசரியாக இருபது நிமிடம் என்றால், 48 நாடகங்களுக்கு 16 மணி நேரம். கடைசி வண்டி முதல் இடத்தில் ஆடி முடிக்கவே இரவு எட்டரை ஆகிவிடும். அதற்கு இன்னும் பதினோரு இடங்கள் பாக்கி; முடியும்போது நள்ளிரவு தாண்டிவிடும். நடுவில் ஒரு வண்டி தாமதித்தால் பின்னால் வருவதெல்லாம் தேங்கும். ஆகவே நகராட்சி கண்டிப்பு காட்டியது. 1476-இல் வந்த உத்தரவுப்படி, திறமையான நான்கு நடிகர்கள் தவக்காலத்திலேயே எல்லாரையும் சோதித்து, குரலோ தோற்றமோ திறமையோ போதாதவர்களை விலக்க வேண்டும். ஒருவர் ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் நடிக்கக் கூடாது. மீறினால் 40 ஷில்லிங் அபராதம்.

சங்கங்கள் எப்போதும் மகிழ்ச்சியோடு ஆடியதாகச் சொல்ல முடியாது. கன்னி மரியாளின் இறுதி ஊர்வல நாடகம் கொத்தனார்களுக்கு வாய்த்திருந்தது. அது வேதத்தில் இல்லாத கதை, பக்தியைவிடச் சிரிப்பையும் சண்டையையும்தான் கிளப்புகிறது என்று 1430-களின் தொடக்கத்தில் அவர்கள் முறையிட்டார்கள். இரண்டு நாடகச் செலவு தாங்கவில்லை என்று பொற்கொல்லர்கள் அதே சமயம் மனு கொடுத்தார்கள். பொற்கொல்லரின் நாடகம் ஒன்று கொத்தனார் கைக்குப் போனது.

இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகிய பின் இந்த நாடகங்கள் சந்தேகத்துக்கு உள்ளாயின. 1569-இல் கடைசியாக வண்டிகள் ஓடின. தப்பிப் பிழைத்தது 15-ஆம் நூற்றாண்டில் நகராட்சி எழுதிவைத்த ஒரே ஒரு கையெழுத்துப் படி. இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. லூசி டூல்மின் ஸ்மித் அதை 1885-இல் அச்சேற்றினார்.

மறுபிறப்பு நடந்தது ஒரு பூங்காவில். யார்க்கின் நடுவே, ஊஸ் ஆற்றங்கரையில் மியூசியம் கார்டன்ஸ் என்ற பூங்கா இருக்கிறது. அதனுள் 1539-இல் மூடப்பட்ட செயின்ட் மேரீஸ் மடத்தின் இடிந்த சுவர் நிற்கிறது. கண்ணாடியற்ற சாளர வளைவுகள் வரிசையாக. 1951-இல் பிரிட்டன் முழுக்கக் கொண்டாடிய விழாவையொட்டி அந்தச் சுவரையே பின்னணியாக வைத்து இ. மார்ட்டின் பிரவுன் நாடகங்களை இயக்கினார். ஜே. எஸ். பர்விஸ் என்ற பாதிரியார் பழைய ஆங்கிலத்தை எளிமைப்படுத்தித் தந்தார். உள்ளூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக நடிக்க வந்தார்கள். தேவதூதர் வேடத்தில் நின்ற பள்ளி மாணவி, பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான ஜூடி டென்ச், 1957-இல் அதே பூங்காவில் மரியாளாக நடித்தார்.

ஆனால் பூங்கா மேடையில் சக்கரமும் இல்லை, சங்கமும் இல்லை. நிலையான பெரிய மேடை, ஒரே இயேசு, சுருக்கிய கதை. பழைய முறையில் இருபதுக்கும் மேற்பட்ட இயேசுக்கள் வெவ்வேறு வண்டிகளில் வந்து போனார்கள். ஒரே நாளில் அத்தனை வண்டிகளும் ஓடியிருக்க முடியுமா என்றே 1970-களில் சில அறிஞர்கள் ஐயப்பட்டார்கள். தாளில் தீராத வழக்கை வண்டி ஓட்டித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. கனடாவின் டொரன்டோவில் 1977-இலும் 1998-இலும் வெவ்வேறு குழுக்கள் வண்டிகளோடு முழுத் தொடரையும் ஆடிப் பார்த்தன. யார்க்கின் தெருக்களிலேயே ஆய்வாளர் மெக் ட்வைக்ராஸ் போன்றவர்கள் ஒருசில வண்டிகளை இறக்கினார்கள். பார்வையாளருக்கு வண்டியின் நீண்ட பக்கத்தைக் காட்டுவதா, குறுகிய முனையைக் காட்டுவதா என்ற கேள்வி ஆய்வாளர்களிடையே இன்றும் ஓயவில்லை.

1994-இல் ஜேன் ஓக்‌ஷாட் முன்னின்று ஒன்பது நாடகங்களை யார்க் தெருக்களில் வண்டியேற்றினார். 1998-இல் நகரின் கில்டுகளும் மீண்டும் பங்கெடுக்கத் தொடங்கின. அதன்பின் 2022 வரை நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வண்டிகள் வந்தன. துணி வணிகர் சங்கத்தின் வழிவந்த மெர்ச்சன்ட் அட்வென்ச்சரர்ஸ் அமைப்பு மீண்டும் இறுதித் தீர்ப்பையும், இறைச்சிக் கடைக்காரர் சங்கம் சிலுவைச் சாவையும் ஏற்றன. ஆள் குறைந்த சங்கங்களுக்குத் தேவாலயக் குழுக்களும் நாடகக் குழுக்களும் கைகொடுக்கின்றன.

பெரிய மேடையும் ஓய்ந்துவிடவில்லை. 2000-இலும் 2016-இலும் யார்க் பேராலயத்துக்குள்ளும், 2012-இல் மறுபடி மியூசியம் கார்டன்ஸிலும் நாடகங்கள் நடந்தன. பூங்காவில் உட்கார்ந்தால் ஒரே நடிகர் பிறந்து, வளர்ந்து, சிலுவையில் அறையப்படுவதை ஒரு மாலையில் பார்த்து முடிக்கலாம். தெருமுனையில் நின்றால் அடுத்த வண்டியில் வருபவர் வேறு இயேசு. கடைத்தெரு இரைச்சலுக்கு மேலே குரலெடுத்து, முதல் சில நொடிகளில் தான் யாரென்று அவரே நிலைநாட்ட வேண்டும்.