உங்களுக்குத் தெரியுமா? எலி மருந்தாக வந்தது, கால் ரத்தக்கட்டுக்கு மருந்தானது!

• காலின் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்தால் தரப்படும் வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது 1954-இல்.

• இது ரத்தக்கட்டைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைப்பது நம் உடலே. அதனால்தான் சிகிச்சை குறைந்தது 3 மாதம்.

• காலே பறிபோகும் நிலையென்றால், சிரைக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, கரைக்கும் மருந்தை நேரே ரத்தக்கட்டில் விடுவார்கள்.

• முருங்கைக்கீரையிலுள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். கீரையின் அளவைத் திடீரென மாற்றாதீர்கள்.

• சென்னை மணலி புதுநகர்ப் பக்கம் மணிக்கணக்கில் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்களே, நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் காலில் ரத்தம் உறையலாம்; அவ்வப்போது இறங்கி நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.