மேகத்தில் ஒரு பெட்டகம்

மாணவர்களே! "படங்களை மேகத்தில் சேமித்திருக்கிறேன்" என்று உங்கள் அண்ணனோ அக்காவோ சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த மேகம் எங்கே இருக்கிறது? வானத்தில் அல்ல, தரையில்தான்! குளிரூட்டப்பட்ட பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவு பகலாக இயங்குகின்றன. அவற்றின் காந்தத் தட்டுகளில் உங்கள் படங்கள் 0, 1 என்னும் குறிகளாகப் பதிந்துள்ளன. ஒரு தட்டு பழுதானாலும் இழப்பு நேராதபடி, ஒரே பதிவைப் பல தட்டுகளில் வைப்பது வழக்கம். இது இம்முறையின் பெரிய நன்மை.

ஆனால் அங்கே போய்வர வழி வேண்டுமல்லவா? அந்த வழிதான் இணைய இணைப்பு. ஒரு கணக்குப் போடுவோம். 1 கிகாபைட் என்பது 8,000 மெகாபிட். வினாடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில் அதை அனுப்ப 800 வினாடிகள், அதாவது 13 நிமிடங்களுக்கு மேல் ஆகும். கையிலுள்ள வன்தட்டில் பதியச் சில வினாடிகளே போதும்.

வழியே அறுந்துவிட்டால்? 2022 ஜனவரி 15 அன்று பசிபிக் கடலில் டோங்கா தீவுகளுக்கு அருகே எரிமலை வெடித்தது. டோங்காவைப் பிஜியுடன் இணைத்த கடலடிக் கண்ணாடி இழை வடம் அறுந்தது. அதைச் சீராக்க ஐந்து வாரங்கள் ஆயின. அதுவரை செயற்கைக்கோள் வழியே குறைந்த அளவு தொடர்புதான். வெளிநாட்டுத் தட்டுகளில் இருந்த பதிவுகளை எரிமலை தொடவில்லை. அவற்றை எட்டும் பாதைதான் அடைபட்டது.

இன்னொன்று: சில ஏற்பாடுகளில், கைப்பேசியில் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் அது அழிந்துவிடும்.

ஆகவே முக்கியமானவற்றுக்கு மேகத்தில் ஒரு படி, கையில் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு இணைப்பில் 1 கிகாபைட் அனுப்ப எவ்வளவு நேரமாகும்? கணக்கிட்டுப் பாருங்களேன்!